ஒரே தொட்டியில் இரண்டு லெப்பர்ட் கெக்கோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெப்பர்ட் கெக்கோ என்பது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட பாறை நிலத்துப் பல்லி. உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி இருக்கும். கண்ணுக்கு இமை உண்டு. நம் வீட்டுப் பல்லி போலச் சுவரில் ஏறாது. கனடாவிலும் இங்கிலாந்திலும் நம் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் பிராணிகளில் இதுவும் ஒன்று. (சிங்கப்பூரில் இதை வளர்ப்பதே சட்டவிரோதம், அங்கே இருப்பவர்கள் வாங்க நினைக்கவே வேண்டாம்.)

நான் டொராண்டோவில் பல வருடமாக இவற்றை வளர்க்கிறேன். தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகம், இரண்டைச் சேர்த்து வைக்கலாமா, சண்டை வந்தால் என்ன செய்வது என்பதுதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு தொட்டிக்கு ஒரு கெக்கோ.

தனியா இருந்தா பாவம் இல்லையா? துணைக்கு ஒண்ணு வேண்டாமா?

வேண்டாம். கூட்டமாக வாழும் பிராணி இல்லை இது. இரை தேடுவதும் இடம் பிடிப்பதும் தனித்தனியாகத்தான். நல்ல பாறை இடுக்கு கிடைத்தால் காட்டில் சில கெக்கோக்கள் ஒரே இடத்தில் ஒதுங்குவதுண்டு. ஆனால் ஒத்துவரவில்லை என்றால் எழுந்து வேறு பக்கம் போய்விட அங்கே இடம் இருக்கிறது. கண்ணாடித் தொட்டிக்குள் போக வழி ஏது? கீழே வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

சூடான பக்கம், குளிர்ந்த பக்கம், ஒளிந்துகொள்ள இடம், நேரத்துக்கு இரை. இவை இருந்தால் தனியாகவே 15, 20 வருடம் நன்றாக வாழும்.

அப்போ ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துத் தூங்குதே, அது பாசம் இல்லையா?

பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்தப் படங்களைத்தான் எல்லோரும் எனக்கு அனுப்புகிறார்கள். ஆனால் கெக்கோவுக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. சாப்பிட்டது செரிக்க வேண்டுமானால் வயிறு சூடான தரையில் படவேண்டும். தொட்டியில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடம் ஒரே ஒரு மூலைதான் என்றால் இரண்டும் அங்கேதான் வந்து சேரும். இரண்டுக்கும் வேண்டியது அந்த இடம். பக்கத்தில் கிடப்பதைப் பொறுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

ஆணா பெண்ணான்னு எப்படிப் பாக்குறது? கடைக்காரர் ரெண்டும் பொண்ணுன்னுதான் சொன்னார்.

குட்டியைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறு மாதம் ஆகட்டும். பிறகு ஒரு தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, டப்பாவைத் தூக்கி அடியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கையில் புரட்டிப் போட வேண்டிய அவசியமே இல்லை. பின்தொடைகளுக்கு நடுவே, கழிவுத் துவாரத்துக்குச் சற்று மேலே, தலைகீழான ‘வி’ வடிவத்தில் ஒரு வரிசைத் துளைகள் தெரியும். ஆணுக்கு அவை ஆழமாக, மெழுகு அடைத்தாற்போல் இருக்கும். துவாரத்துக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில் இரண்டு வீக்கமும் இருக்கும். பெண்ணுக்குத் துளைகள் மங்கல், வீக்கம் கிடையாது.

கடையில் சொன்னதை நம்பிச் சேர்த்து வைத்து, எட்டாம் மாதம் முட்டையைப் பார்த்து அதிர்ந்த வீடுகள் உண்டு. நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரெண்டு ஆண், ஒரு ஜோடி, ரெண்டு பெண். இதுல எது பரவாயில்ல?

இரண்டு ஆண் கூடவே கூடாது. வயதுக்கு வந்ததும் சண்டை நிச்சயம், அதில் ஒன்று செத்தும் போகலாம். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

ஆணும் பெண்ணும் என்றால் ஆண் பெண்ணை ஓயவிடாது. கழுத்தைக் கடித்துப் பிடித்துத்தான் இணை சேரும். ஈற்றுக்கு இரண்டு முட்டை, பருவம் முழுக்க சில வாரங்களுக்கு ஒருமுறை என்று பெண் இட்டுக்கொண்டே போகும். எலும்பிலுள்ள கால்சியமும் வாலில் சேர்த்த கொழுப்பும் அதற்கே கரையும். ஒரு வயதுகூட நிரம்பாத பெண்ணாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டு பெண்கள் சில வீடுகளில் ஒத்துப்போகின்றன. அதனால் எல்லோரும் இதைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு வரும் கடிபட்ட படங்களில் இரண்டு பெண்கள் இருக்கும் வீடுகளும் நிறைய.

கூடப் பொறந்ததுங்க. குட்டியிலேர்ந்து ஒண்ணாவே வளர்ந்துச்சு. அதையுமா பிரிக்கணும்?

ஆமாம். கூடப் பிறந்தது என்று விட்டுக்கொடுக்கும் பழக்கம் இவற்றுக்கு இல்லை. தாய் முட்டையிட்டுப் புதைத்துவிட்டுப் போய்விடும். குஞ்சு முட்டையை உடைத்து வரும்போதே தனி ஆள்தான். பொரிக்கும்போது எடை ஏறத்தாழ 3 கிராம். இரண்டு குட்டிகளை ஒரே டப்பாவில் விட்டால் சில வாரங்களிலேயே ஒன்று பெரிதாகவும் மற்றது நோஞ்சானாகவும் ஆகிவிடும். பூச்சி என்று நினைத்துத் தம்பியின் வால் நுனியையோ கால் விரலையோ கடிப்பதும் நடக்கும்.

வாலை ஆட்டுது. சந்தோஷமா, கோபமா?

எப்படி ஆட்டுகிறது என்பதைப் பொறுத்தது. வாலை உயர்த்தி, பாம்பு நெளிவதுபோல் மெதுவாக அசைத்தால் “கிட்டே வராதே” என்று பொருள். உடம்பைத் தரையிலிருந்து தூக்கி முதுகை வளைத்து நின்றால் அடுத்தது கடிதான். அந்த நேரத்தில் ஒன்றைத் தூக்கிவிடுங்கள்.

நுனி மட்டும் வெடவெடவென்று நடுங்கினால் வேறு. பூச்சியைக் குறிவைக்கும்போது ஆர்வத்தில் அப்படிச் செய்யும். ஒரு பெண்ணைத் தொட்டதும் ஆண் அப்படிச் செய்தால் அது இணைசேர அழைப்பு. அடியில் காகிதம் விரித்திருந்தால் படபடவென்ற சத்தமே கேட்கும். இந்தச் சத்தத்தைக் கேட்ட வீட்டில் ‘ரெண்டும் பொண்ணு’ என்ற பேச்சு முடிந்துவிடும்.

சண்டையே போட்டதில்ல. ஆனா ஒண்ணு மட்டும் மெலிஞ்சுகிட்டே வருது. ஏன்?

என்னிடம் வரும் கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். கடி, ரத்தம் எதுவும் இல்லாமல் ஒரு கெக்கோ இன்னொன்றை ஒடுக்க முடியும். நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். பெரியது சூடான மறைவிடத்தின் வாயிலில் தலையை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருக்கும். சின்னது சூட்டைத் தேடி வரும். இரண்டடி தள்ளி நிற்கும். பெரியது தலையை ஒரு திருப்புத் திருப்பினால் போதும், அப்படியே பின்வாங்கிக் கண்ணாடி ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். மீல்வோர்ம் (இரையாகப் போடும் புழு) கிண்ணத்துக்கும் இதே கதை. சின்னது சாப்பிட்டாலும் அந்தக் குளிர்ந்த மூலையில் அது செரிக்காது. கொழுப்பு சேருமிடம் வால்தான், ஆகவே இளைப்பதும் முதலில் வாலில் தெரியும். கழுத்தின் அகலத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டிய வால் குச்சியாகிவிட்டால் தாமதிக்க நேரமில்லை.

கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். வாரம் ஒருமுறை இரண்டையும் நிறுத்து எழுதி வையுங்கள். ஒன்று ஏற, மற்றது இறங்கினால் அந்தக் குறிப்பே போதும். சண்டையைக் கண்ணால் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே பிரித்துவிடுங்கள். பிரித்த பிறகும் எடை ஏறவில்லை என்றால் அது நோயாக இருக்கலாம், கீழே சொல்கிறேன்.

ஐயோ, இப்போ கடிச்சிட்டு விடமாட்டேங்குது! என்ன பண்றது?

இழுக்காதீர்கள். இழுத்தால் தோல் கிழியும், தாடை பிசகும், வால் கழன்று வரும். கடித்துக்கொண்டிருப்பதன் மூக்கில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், இல்லையென்றால் ஸ்ப்ரே பாட்டிலில் மெல்லப் பீய்ச்சுங்கள். வாய் திறந்ததும் நடுவில் ஒரு அட்டையைச் செருகி, ஒன்றை டவலால் மூடித் தூக்குங்கள். வெறுங்கையை நடுவில் விட்டால் அடுத்த கடி உங்களுக்கு.

தூக்கியதை வேறு அறையில் ஒரு டப்பாவில் வையுங்கள், மூடியில் காற்றுத் துளை இருக்கட்டும். “கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் விடலாம்” என்று பலர் கேட்கிறார்கள். விடக் கூடாது.

காயத்துக்கு என்ன போடலாம்? மஞ்சள் வைக்கலாமா?

மஞ்சள் தூள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். தூள் காயத்தில் கட்டியாக அடைத்து உள்ளே சீழ் பிடிக்க வைக்கும். வெதுவெதுப்பான சலைன் நீரால் கழுவுங்கள். போவிடோன் அயோடின் இருந்தால் வெளுத்த தேநீர் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து, பஞ்சில் தொட்டு ஒற்றி எடுங்கள். நமக்கு விற்கும் களிம்புகளில் வலிமரப்பு மருந்து சேர்த்தவை உண்டு. அவற்றைத் தடவவே கூடாது. தரையில் மணலோ மண்ணோ இருந்தால் எடுத்துவிட்டுக் கிச்சன் பேப்பர் விரியுங்கள். அதைத் தினமும் மாற்ற வேண்டும்.

கண், வாய், கழிவுத் துவாரம் பக்கத்தில் காயம் என்றாலும், காயம் ஆழமாக இருந்தாலும், தாடையோ காலோ வீங்கினாலும் ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். நாய் பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களும் இதைப் பார்ப்பதில்லை. யார் பார்ப்பார் என்பதைக் கெக்கோ வாங்கும்போதே விசாரித்து வைத்திருங்கள்.

வால் விழுந்துடுச்சு! தனியா துள்ளிக்கிட்டு இருக்கு, குழந்தை அழுகுது. திரும்ப வளருமா?

வளரும். வால் எலும்பிலேயே முறிவதற்கென்று இடங்கள் இருக்கின்றன. பயந்தால் தசையை இறுக்கிக் கெக்கோ தானே கழற்றிவிடும். ரத்தம் அதிகம் வராது. கழன்ற வால் துள்ளுவது எதிரியின் கவனத்தை இழுக்க. கால்கரி பல்கலைக்கழகத்தின் அந்தோணி ரஸ்ஸலும் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் டிமோத்தி ஹைஅமும் 2009-இல் லெப்பர்ட் கெக்கோவின் வாலையே எடுத்து ஆராய்ந்தார்கள்: உடம்போடு தொடர்பு அறுந்த பிறகும் அது வெறுமனே ஆடாமல், புரண்டு, எகிறிக் குதித்து, அசைவை மாற்றிக்கொண்டே இருக்கிறது. குழந்தையிடம் இதைச் சொல்லுங்கள், அழுகை ஆச்சரியமாக மாறும்.

புது வால் சில மாதங்களில் வந்துவிடும். உருண்டையாக, வழவழப்பாக, பழைய அழகு இல்லாமல் இருக்கும். உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு. பழைய வாலோடு கெக்கோவின் கொழுப்புச் சேமிப்பில் பெரும்பகுதி போயிருக்கும், ஆகவே இரையைக் கூட்டிக் கொடுங்கள், சூட்டைக் குறைக்காதீர்கள். தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று மறுபடி சொல்லத் தேவையில்லை.

ஒரு வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு. திடீர்னு ஏன் இப்படி?

பெரும்பாலும் வயதுதான் காரணம். ஒன்பது மாதம் முதல் ஒரு வயதுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். குளிர்காலம் முடியும்போது இனப்பெருக்கப் பருவமும் தொடங்கும். முட்டை சுமக்கும் பெண் இடத்துக்காகச் சண்டை போடும். ஆணே இல்லாமலும் சில பெண்களுக்கு முட்டை உருவாகும். வயிற்றின் அடியில் இரு பக்கமும் வெளிர் நிறத்தில் திரட்சி தெரிகிறதா பாருங்கள்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது: தோல் உரிப்பது. எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்பதைக் கெக்கோ நாக்கால் தொட்டு, தோலிலுள்ள வேதிப்பொருளை வைத்துத்தான் அறிகிறது. ராபர்ட் மேசனும் வில்லியம் கட்ஸ்கேயும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், பழகிய பெண்ணையே அது தோல் உரிக்கும் நேரத்தில் ஆண் தாக்கியது. பெண் என்று சொல்லும் வாசனை அப்போது தோலில் இல்லை. உரித்து முடிந்ததும் பழையபடி இணைசேரப் போனது. உடம்பு வெளுத்துச் சாம்பல் பூத்தாற்போல் ஆனால் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். ஜோடியாக வைத்திருப்பவர்கள் அந்த நாட்களிலாவது கட்டாயம் பிரித்து வையுங்கள்.

பொண்ணுதான், நானே பார்த்து உறுதி பண்ணிட்டேன். ஆனா ஆணைவிட மோசமா கடிக்குதே?

இருக்கலாம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருந்த வெப்பம் முடிவுசெய்கிறது. 26 டிகிரியில் வைத்தால் பெண், 32.5-இல் பெரும்பாலும் ஆண், 34-ஐத் தாண்டினால் மீண்டும் பெரும்பாலும் பெண். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ரூஸ் குழுவினர் பல வருடம் இதைப் பின்தொடர்ந்தார்கள். அதிக வெப்பத்தில் பொரித்த பெண்கள், குறைந்த வெப்பத்தில் பொரித்தவற்றைவிட மூர்க்கமானவை என்பது அங்கே தெளிவானது. உங்கள் கெக்கோ எந்தச் சூட்டில் பொரித்தது என்று அதை வளர்த்து விற்றவரைக் கேளுங்கள். பதில் எதுவானாலும் அதன் சுபாவத்தைப் பழக்கி மாற்ற முடியாது; தனி இடம் கொடுக்க முடியும்.

பெரிய தொட்டி வாங்கினா சரியாகுமா? இல்ல நடுவுல தடுப்பு போட்டா?

பெரிய தொட்டியில் சண்டை குறையும், நிற்காது. ஒரு கெக்கோவுக்கே 90 × 45 × 45 செ.மீ. தொட்டி நல்லது என்கிறேன். சூடான மறைவிடம் ஒன்று, குளிர்ந்தது ஒன்று, தோல் உரிக்க ஈரப் பாசி வைத்தது ஒன்று என மூன்றும் அதில் அடங்கும். இரண்டு கெக்கோ என்றால் இவை அத்தனையும் இரட்டிப்பாக வேண்டும். அதற்கு இரண்டு தொட்டியே வைத்துவிடலாமே.

தடுப்பு அவசரத்துக்குச் சரி. கண்ணாடித் தடுப்பு வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று பார்த்து இரவெல்லாம் முட்டிக்கொண்டிருக்கும். கறுப்புப் பலகை போடுங்கள், இரு பக்கமும் சூடு கிடைக்கிறதா என்று வெப்பமானியால் பாருங்கள்.

பிரீடர் ஒரு ஆணையும் அஞ்சாறு பெண்ணையும் ஒரே டப்பாவுல வச்சிருக்காரே, அவருக்கு மட்டும் எப்படி முடியுது?

அவருடைய நோக்கம் முட்டை. பருவத்தில் மட்டும் சேர்ப்பார், எடை பார்ப்பார், ஒத்துவராததை அன்றே எடுத்துவிடுவார். எடுத்து வைக்கக் காலி டப்பாக்கள் வரிசையாக இருக்கும். அவரிடமும் கடி நடக்கிறது. வீட்டில் இரண்டு மட்டும் வைத்தால், தாக்குவது எதுவானாலும் அடி முழுக்க ஒன்றுக்கே விழும்.

குஞ்சு எடுக்க ஆசை. அப்போ சேர்த்துத்தானே ஆகணும்?

சில நாட்கள் சேர்த்தால் போதும், உங்கள் கண்ணெதிரே. பெண் ஒரு வயது தாண்டி, 50 கிராமாவது இருக்க வேண்டும். ஒருமுறை இணைந்தால் பெண் விந்தைச் சேமித்து வைத்து அந்தப் பருவத்தில் பல ஈற்று முட்டையிடும். ஆணை விட்டுவைக்கக் காரணமே இல்லை. பிறக்கப்போகும் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனி டப்பா வேண்டும் (கூடப் பிறந்தவை பற்றிய பதிலைப் பாருங்கள்), 20 வருடம் பார்த்துக்கொள்ளும் வீடும் வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் தொடங்காதீர்கள்.

ஆஃப்ரிக்கன் ஃபேட் டெய்ல் கெக்கோவும் இதே மாதிரிதானே இருக்கு. அதோட வைக்கலாமா?

கூடாது. அதற்கு ஈரப்பதம் அதிகம் வேண்டும், இதற்கு வறட்சி. ஒன்றின் உடம்பில் பாதிப்பில்லாமல் இருக்கும் கிருமி மற்றதைக் கொல்லலாம்.

சேர்த்து வச்சா நோய் பரவுமா?

பரவும். நான் அதிகம் பயப்படுவது கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு. மலம் வழியாகப் பரவும். சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது, வால் குச்சியாகிவிடும். நிச்சயமாகக் குணமாக்கும் மருந்து இல்லை, ப்ளீச் போட்டுக் கழுவினாலும் சாகாது. மேலே சொன்ன ‘பிரித்த பிறகும் எடை ஏறாத’ கெக்கோவுக்கு மலப் பரிசோதனை செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

புதிதாக எது வந்தாலும் மூன்று மாதம் வேறு அறையில், தனித் தண்ணீர்க் கிண்ணம், தனி இடுக்கியோடு இருக்கட்டும். பழையதற்கு முதலில் இரை போட்டுவிட்டுப் பிறகு புதியதிடம் போங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அண்ணா, பிரிச்சதுலேர்ந்து சாப்பிடவே மாட்டேங்குது. ஏங்குதோ?

புது இடம் என்றாலே கெக்கோ ஒன்றிரண்டு வாரம் சாப்பாட்டைக் குறைக்கும். இரண்டையும் ஒரே நாளில் புது இடத்துக்கு மாற்றினால் இரண்டுமே குறைக்கும். தரையின் சூட்டைச் சரிபாருங்கள், தொடாமல் விடுங்கள், மறைவிடத்து வாயிலில் இரையை வையுங்கள். ஒடுக்கப்பட்டிருந்த சின்னது பெரும்பாலும் சீக்கிரமே தேறி, சூடான மூலையில் காலை நீட்டிப் படுக்க ஆரம்பிக்கும். எடை இறங்கிக்கொண்டே போனால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்க கையையே கடிக்குது. அதுக்கும் இதுதான் காரணமா?

குட்டி என்றால் வெறும் பயம். உங்கள் கை மேலிருந்து இறங்குவது அதற்குப் பருந்து வருகிற மாதிரி. பக்கவாட்டில், தாழ்வாகக் கையை நீட்டி, அதுவே ஏறும்வரை காத்திருங்கள். பெரியது கடித்தால், கையில் பூச்சி வாசனை இருந்ததா, தோல் உரிக்கிறதா, முட்டை சுமக்கிறதா, எங்காவது வலிக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். பழகிய கெக்கோ திடீரென்று கடித்தால் நான் முதலில் சந்தேகிப்பது வலியைத்தான்.

எனிக்மா மார்ஃப் வச்சிருக்கேன். தலையைச் சாய்ச்சுக்கிட்டு வட்டமடிக்குது, பக்கத்துல இருக்கிறதைக் கடிக்க வருது. வெறியா?

வெறி இல்லை. எனிக்மா நிற வகைக்கு மரபிலேயே நரம்புக் கோளாறு உண்டு: தலை சாய்வது, சுற்றுவது, இரையைக் குறிவைத்துத் தவறுவது. பக்கத்துக் கெக்கோ மேல் அதன் வாய் படுவது பூச்சியைத் தவறவிட்டதால் இருக்கலாம். மற்றது திருப்பிக் கடித்தால் இதால் தப்பி ஓடக்கூட முடியாது. தனித் தொட்டியில், தாழ்வான கிண்ணத்தில், இடுக்கியால் ஊட்டி வளர்க்க வேண்டிய பிராணி அது.

பிரிச்சு மூணு மாசம் ஆச்சு, ரெண்டும் தேறிடுச்சு. இப்ப மறுபடி சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். முதல்முறை சண்டைக்கு என்ன காரணமோ அது அப்படியே இருக்கிறது. இப்போது இரண்டுக்கும் பலமும் கூடியிருக்கிறது.

ரெண்டாவது தொட்டிக்கு இடமும் இல்ல, காசும் இல்ல. என்ன பண்றது?

உடனடித் தேவைக்குக் கண்ணாடித் தொட்டி வேண்டாம். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, பக்கங்களில் காற்றுத் துளை போட்டு, ஒரு முனையில் அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) வையுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள், வயிறு வெந்துவிடும். காசைக் குறைக்க வேண்டுமானால் வேறு எதிலாவது குறையுங்கள். வாசல் வெட்டிய ஐஸ்கிரீம் டப்பாக்கள் மறைவிடத்துக்குப் போதும். பெட்டிகளை அலமாரியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் தரையில் ஒரே தொட்டியின் இடம்தான் பிடிக்கும்.

அதுவும் முடியாது என்றால் ஒன்றை நல்ல கைக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது எடை எழுதிய காகிதத்தையும், அது என்ன சாப்பிடும், எப்போது தோல் உரித்தது, யாரோடு இருந்து எப்படிக் கடிபட்டது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். வாங்குபவரிடம் ஏற்கெனவே ஒரு கெக்கோ இருந்தால், இதற்கென்று தனித் தொட்டி தயாராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கொடுங்கள்.